ஊற்றைக் கணக்கில் சேர்க்காத குடிநீர்

பூண்டி என்றதும் சென்னைக்காரர்களுக்கு 1944இல் கட்டி முடித்த நீர்த்தேக்கம்தான் நினைவுக்கு வரும். கொடைக்கானல் மேல்மலையிலும் ஒரு பூண்டி உண்டு. மன்னவனூர், கவுஞ்சி, கிளாவரை பக்கம் போகிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். வெள்ளைப்பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும் அடுக்கடுக்கான வயல்களில் விளையும் ஊர். பழனி மலையின் வடக்குச் சரிவில் இறங்கும் தண்ணீர் அமராவதிக்கும், தெற்குச் சரிவில் இறங்குவது வைகைக்கும் போய்ச் சேர்கிறது. கீழ்நாட்டுக்கே தண்ணீர் கொடுக்கும் இந்த மலையில் கோடை வந்தால் குடிநீருக்குத் திண்டாட்டம். கொடைக்கானல் நகரமே லாரித் தண்ணீரை எதிர்பார்க்கும் மாதங்கள் உண்டு. இதற்கு மழையை மட்டும் குறை சொல்வது நமக்கு வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

2019 ஆகஸ்டில் அறிவித்த ஜல் ஜீவன் திட்டத்தின் இலக்கு, வீட்டுக்கு வீடு குழாய், ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். 2024இல் முடிய வேண்டியது 2028 வரை நீண்டிருக்கிறது. நீராதாரத்தைப் பேணுவதும் அதன் விதிகளில் இருக்கிறது. ஆனால் ஆய்வுக் கூட்டங்களில் எண்ணப்படுவது இணைப்புகளே. சமவெளியில் ஆழ்துளைக் கிணறு வற்றினால் இன்னொன்றைப் போடலாம். மலையூருக்கு மலிவான வழி, மேலே உள்ள ஓடையை மறித்துத் தொட்டியில் தேக்கி, சரிவின் போக்கிலேயே இறக்குவது. அங்கே ஓடை மெலிந்தால் குழாய் எவ்வளவு புதிதாக இருந்தும் பயனில்லை. ஆகவே ஊற்றின் தலைப்பகுதியையும் குடிநீர்த் திட்டத்தின் உறுப்பாகவே கருதி, மதிப்பீட்டில் அதற்கும் பணம் ஒதுக்க வேண்டும்.

மேல்மலையின் உண்மையான தொட்டி அதன் புல்வெளியும் சோலையும் அவற்றின் நடுவே கிடக்கும் சதுப்பும்தான். மழையைக் குடித்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கசியவிடுகிற நிலம் அது. 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018இல் வெளியான ஆய்வு, பழனி மலைப் புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்கிறது. அந்த இடங்களில் இன்று இருப்பவை சீகை, தைலம், பைன் தோப்புகளும் விவசாயமும். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை ஆண்டு முழுதும் பசுமையாக நிற்கும், பிப்ரவரியிலும் ஏப்ரலிலும்கூட நீரை இழுத்துக்கொண்டே இருக்கும். இதே மரத்தால் ஓடைகள் சுருங்கிய தென்னாப்பிரிக்கா, 1995 முதல் அதை வெட்டி அகற்றுவதை நீர்த்திட்டமாகவே நடத்துகிறது. வேலை செய்வோர் கிராமத்து ஏழைகள்.

மரம் வெட்டினால் மழை போய்விடாதா என்று கேட்பார்கள். புல்வெளி அங்கே இயற்கையாகவே இருந்தது, மரம்தான் பிறகு வந்தது. அதற்காக மலை முழுவதையும் ஒரே மூச்சில் மொட்டையடிக்கச் சொல்லவில்லை. சீகை விதை மண்ணுக்குள் பல ஆண்டு உயிரோடு கிடந்து மறுபடி முளைக்கும். பழைய தோப்புகளின் நிழலில் சோலைக் கன்றுகள் தலைதூக்கிய இடங்களும் உண்டு. ஆகவே குடிநீர் ஓடைகளின் தலைமாட்டிலும் சதுப்புகளிலும் தொடங்கி, முளைப்பதைப் பிடுங்கப் பல ஆண்டுக் கூலியும் ஒதுக்கியாக வேண்டும். அந்நிய மரங்களை அகற்ற 2022இல் தமிழக அரசே கொள்கை வகுத்திருக்கிறது. அது வனத்துறையின் கோப்பாகவும், குழாய் குடிநீர் வடிகால் வாரியத்தின் கோப்பாகவும் தனித்தனியே நகர்வதுதான் சிக்கல்.

ஓடையில் கறுப்பு ஹோஸ் போட்டு வயலுக்கு நீர் எடுக்கும் விவசாயிகளால்தான் பற்றாக்குறை என்பது இன்னொரு வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு வாங்கிக் கொண்டாடிவிட்டு, அதை விளைவிப்பவரின் ஹோஸை மட்டும் அறுப்பது நியாயமாகாது. குடிநீருக்கு எவ்வளவு, வயலுக்கு எவ்வளவு என்று கோடைக்கு முன்பே கிராம சபையில் பேசி முடிக்கலாம். அதற்கு முதலில் ஓடையில் எவ்வளவு வருகிறது என்று தெரிய வேண்டும். வாளி நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்தால் போதும். ஊராட்சியின் தொட்டி இயக்குபவரே வாரம் ஒருமுறை நோட்டில் எழுதிவிடலாம், அந்த வேலைக்குத் தனிச் சம்பளம் கொடுத்தால். அடுத்த முறை குழாயின் விட்டத்தை முடிவு செய்ய வரும் பொறியாளர் அந்த நோட்டைப் பார்த்துவிட்டு மதிப்பீடு போடட்டும்.