ஒயின் ஷாப்பில் இல்லாத ஒயின்

அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டில் இறங்கி, "ஒயின் எங்கே கிடைக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். டாஸ்மாக்குக்கு வழி சொல்வார்கள். 2003-ல் சில்லறைக் கடைகளை அரசே எடுத்துக்கொண்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இருந்தாலும் பழைய ஆட்களுக்கு அது இன்னும் 'ஒயின் ஷாப்'தான். அந்த ஒயின் ஷாப்பில் ஒயின் வாங்கிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை. பிராந்தி வாங்குவார்கள், ரம் வாங்குவார்கள், வெயில் காலத்தில் பீர் வாங்குவார்கள். எங்கள் அப்பா பிராந்தி.

இந்த வாரம் ஆஸ்திரேலியச் சிவப்பு ஒயின் பற்றி எழுத வந்தேன். அப்பாவை விட்டுவிட்டு எழுத முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஏப்ரலில் அடிலெய்டிலிருந்து மகளும் மாப்பிள்ளையும் மூன்று வார லீவில் வந்தார்கள். சூட்கேஸைத் திறந்தால் பேத்திக்கு வாங்கிய பொம்மைகளுக்கும் துணிகளுக்கும் நடுவே நான்கு பாட்டில்கள். விமானத்தில் ஆளுக்கு இரண்டு லிட்டர் வரை வரியில்லாமல் கொண்டுவரலாம். பாட்டில் ஒன்று 750 மில்லி என்பதால் ஆளுக்கு இரண்டு. "மாமா, நாங்க இருக்கிற ஊருக்கு ஒரு மணி நேரத்துல பரோஸா பள்ளத்தாக்கு. நீங்க ஒரு தடவையாவது டேஸ்ட் பண்ணணும்" என்றார் மாப்பிள்ளை. எனக்குப் பெரிதாகப் பழக்கமில்லை. கம்பெனி பார்ட்டிகளில் பீரைத் தொட்டதோடு சரி. மாப்பிள்ளையோடு உட்கார்ந்து குடிப்பது என்பதே எங்கள் தெருவில் பேச்சாகிவிடும் விஷயம். இருந்தாலும் ஆசையாகக் கொண்டு வந்திருக்கிறார். வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை.

பிரச்னை அம்மா. 79 வயது. கண் கொஞ்சம் மங்கல், மூக்கு மட்டும் கூர்மை. மூன்று பாட்டில்களை மகள் ஏசி அறை பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தாள். நாலாவதற்கு இடமில்லை. நானே நாற்காலி போட்டு ஏறி, பரணில், கொலு பொம்மைப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். ஐம்பத்தெட்டு வயசில் ஒளித்து வைக்கிறேன்! அப்பாவும் அதே பரணில்தான் வைப்பார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மா மதியத் தூக்கம். பரணிலிருந்த பாட்டிலை இறக்கினோம். அடிலெய்டுக்குப் பக்கத்து மலைப்பகுதியில் விளையும் பினோ நுவார் என்ற ரகம். நான்கிலும் மென்மையானது இதுதான் என்றார் மாப்பிள்ளை. கார்க் கிடையாது, சோடா பாட்டில் மாதிரி திருகு மூடி. ஆஸ்திரேலியாவில் இப்போது பெரும்பாலும் அப்படித்தானாம். ஊற்றி வாயில் வைத்தால், காய்ச்சி ஆறிய ஜாம் தண்ணீர் மாதிரி ஒரு ருசி. மேலே ஸ்பிரிட் நெடி. மாப்பிள்ளை முகம் வாடிவிட்டது. "மாமா, எங்க வெச்சிருந்தீங்க?"

மொட்டை மாடித் தளத்துக்கு நேர் கீழே பரண். ஏப்ரல் வெயிலில் அது அடுப்பு. ஒயினைக் குளிர்ச்சியாக, வெளிச்சம் படாமல், சூடு ஏறி இறங்காமல் வைக்க வேண்டும். சிவப்பு ஒயினை 'அறை வெப்பநிலை'யில் குடிக்கலாம் என்று எழுதுகிறார்களே, அந்த அறை ஐரோப்பாவில் இருக்கிறது. அங்கே 16, 18 டிகிரி. அம்பத்தூரில் மின்விசிறிக்குக் கீழேயே 34. நம் வீட்டில் சிவப்பு ஒயினையும் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

இதைப் பேசிக்கொண்டிருக்கும்போதே அம்மா வாசலில் நின்றார். "யாரு குடிக்கிறது?"

யாருக்கும் வாய் வரவில்லை. மகள்தான் சொன்னாள். "நான்தான் பாட்டி கொண்டு வந்தேன். ஒயின் பாட்டி, திராட்சைச் சாறுல செய்றது."

"ஒயினா? உங்க தாத்தா போன கடைக்கும் ஒயின் ஷாப்புனுதான் பேரு."

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் தொடங்கியது. அங்கே ஒரு பட்டறையில் அப்பாவுக்கு லேத் வேலை. 1981-ல் மதுவிலக்கைத் தளர்த்திக் கடைகள் மறுபடி திறந்தபோது எனக்கு 15 வயசு. மாதம் ஏழாம் தேதி சம்பளம். அன்று சாயங்காலம் அம்மா பட்டறை கேட்டில் போய் நிற்பார். அங்கே அவர் மாதிரி இன்னும் பத்து அம்மாக்கள் நிற்பார்கள். கேட்டிலேயே வாங்கினால் அரிசிக்கு இருக்கும். வீடு வரும் வழியில் என்றால் பாதி. வீட்டுக்கு வந்தபிறகு என்றால் ஒன்றுமில்லை. அப்பா வாங்கி வந்து மிச்சம் வைக்கிற பாட்டிலில், எந்த மட்டத்தில் நிற்கிறது என்று அம்மா கண்மையால் ஒரு கோடு இழுத்து வைப்பார். மறுநாள் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் அன்று வீட்டில் சண்டை.

மாப்பிள்ளைக்கு இதெல்லாம் தெரியாது. நல்ல எண்ணத்தில் ஒரு கதை சொன்னார். ஆஸ்திரேலியாவின் பெரிய ஒயின் கம்பெனிகளில் ஒன்றான பென்ஃபோல்ட்ஸை 1844-ல் ஆரம்பித்தவர் ஒரு டாக்டர். சோகை பிடித்த நோயாளிகளுக்கு மருந்தாகத்தான் முதலில் கொடுத்தாராம்.

"உங்க தாத்தா மாமனாரும் மருந்துன்னுதான் மாப்பிள்ளை ஆரம்பிச்சாரு. இடுப்பு வலிக்கு" என்றார் அம்மா.

அந்தப் பாட்டிலை சிங்க்கில் ஊற்றிவிட்டோம். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ராத்திரி அம்மாவே கூப்பிட்டார். "ஒளிச்சு வெக்காதீங்க. எனக்கு அதுதான் ஆகாது. குடிக்கணும்னா கூடத்துல உக்காந்து என் கண்ணு முன்னாடி குடிங்க." அனுமதியா, கண்காணிப்பா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று வைத்துக்கொண்டேன்.

(ஒளித்து வைத்தால் எல்லா ஒயினும் கெட்டுவிடும் என்று சொல்ல முடியாது. அதே பென்ஃபோல்ட்ஸில் மேக்ஸ் ஷூபர்ட் என்பவர் 1951-ல் 'கிரேஞ்ச்' என்று ஒன்றைச் செய்து பார்த்தார். ருசித்த பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லை. 1957-ல் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அவர் நிலவறையில் மறைத்து மூன்று வருஷம் செய்துகொண்டே இருந்தார். இன்று அந்த நாட்டின் பெயரெடுத்த ஒயின் அதுதான். நிலவறை வேறு, எங்கள் பரண் வேறு.)

அடுத்த ஞாயிறு கூடத்தில் உட்கார்ந்தோம். ஆவடி டாங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயரான என் நண்பரையும் கூப்பிட்டிருந்தேன். பிராண்டு பெயர்களைச் சொல்லப்போவதில்லை, விளம்பரமாகிவிடும். ரகமும் ஊரும் போதும்.

முதலில் பரோஸா ஷிராஸ். 1832-ல் ஜேம்ஸ் பஸ்பி என்பவர் ஐரோப்பாவிலிருந்து சிட்னிக்கு நூற்றுக்கணக்கான திராட்சைக் குச்சிகளைக் கொண்டு வந்தார். ஷிராஸும் அதில் உண்டு. நம் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோதும், 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டு வந்தது என்றுதான் செய்தி வந்தது. ஒரே வருஷம்! அங்கே அது ஒயினாயிற்று, இங்கே தள்ளுவண்டிக்குப் போயிற்று.

நிறம் பீட்ரூட் தண்ணீரைவிட அடர்த்தி. நண்பர் ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னப்பா, இனிப்பே இல்ல?" என்றார். அவருக்கும் எனக்கும் ஒயின் என்றால் பூந்தமல்லியில் கூட வேலை பார்த்தவர் வீட்டு கிறிஸ்துமஸ் ஒயின்தான். பன்னீர் திராட்சை, சர்க்கரை, கொஞ்சம் கோதுமை, பட்டை, கிராம்பு போட்டு ஊறுகாய் ஜாடியில் துணி கட்டி வைப்பார்கள். பாயசத்துக்குத் தம்பி மாதிரி இருக்கும். இது அப்படியில்லை. சர்க்கரையெல்லாம் சாராயமாக மாறித் தீர்ந்துவிட்டது. மிஞ்சியது பழ வாசனையும் துவர்ப்பும்.

துவர்ப்பு. இந்த ஒரு சொல்லுக்காகவே தமிழனாகப் பிறந்ததில் சந்தோஷப்பட்டேன். மாப்பிள்ளை 'டானின்' என்று கையை ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தார். நாக்கு வறண்டு, ஈறு இறுகி, ஏதோ இழுக்கிற மாதிரி என்று. நமக்கு எதற்கு அவ்வளவு விளக்கம்? வாழைப்பூ, மாதுளைத் தோல், கொட்டைப்பாக்கு, ரொம்ப நேரம் கொதித்த டீ டிகாக்‌ஷன். அறுசுவையில் ஒன்றாக எண்ணி வைத்திருக்கிறோம். பாட்டிலின் பின்பக்கம் பிளம், பிளாக்பெர்ரி என்று எழுதியிருந்தது. பிளாக்பெர்ரியை நான் கண்ணால் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்தது நன்றாகப் பழுத்த நாவல்பழம், அடியில் கொஞ்சம் கருப்பட்டி.

"மிளகு வாசனை அடிக்குதே" என்றாள் என் மனைவி. அரை மூடி அளவு ஊற்றி, முகர்ந்து, உதட்டில் வைத்துப் பார்த்தாள், அவ்வளவுதான். எனக்கு மிளகு தெரியவே இல்லை. நண்பருக்குத் தெரிந்தது. சும்மா சொல்கிறார்கள் என்று சண்டைக்குப் போனேன். மகள் போனில் தேடிக் காட்டினாள். ஷிராஸில் வரும் மிளகு வாசனைக்குக் காரணம் ரோட்டண்டோன் என்ற பொருள். நம் மிளகில் இருப்பதும் அதே பொருள்தான். அடிலெய்டில் உள்ள ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2008-ல் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசனை தெரியவே தெரியாதாம். முப்பது வருஷமாக மனைவி ரசத்தில் மிளகு தூக்கலா என்று கேட்பாள், நான் பரவாயில்லை என்பேன். பாதி வாசனை எனக்கு வரவேயில்லை போலிருக்கிறது.

மட்டன் சுக்காவோடு ஷிராஸ் நன்றாகப் போயிற்று. கொழுப்பு சேர்ந்ததும் துவர்ப்பு அடங்கிவிடுகிறது. பச்சைமிளகாய் போட்ட எதுவும் சேரவில்லை, தொண்டை எரிகிறது. நண்பர் வத்தக்குழம்பு சாதத்தோடு முயற்சி செய்தார். வத்தக்குழம்பு ஜெயித்தது.

அம்மா ஊஞ்சலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டிலை வாங்கி, "இதுல எவ்வளவு பவர்?" என்று கேட்டார். 14.5 சதவிகிதம். அப்பா குடித்த பிராந்தி 42.8. ஆனால் ஒயினைப் பெரிய கிளாஸில் ஊற்றுகிறோமே! லேபிளில் ஒரு சின்னக் கோப்பைப் படம் போட்டு 8.6 என்று எழுதியிருந்தது. 10 கிராம் ஆல்கஹால் ஓர் அளவு என்று கணக்கு, இந்தப் பாட்டிலுக்குள் 8.6 அளவு இருக்கிறது. அந்த ஊரில் கட்டாயம் அச்சடிக்க வேண்டுமாம். எத்தனை என்று மறைக்காமல் சொல்வது அம்மாவுக்குப் பிடித்திருந்தது. இதைக் குடித்தால் இதயத்துக்கு நல்லது என்று வாட்ஸப்பில் வருவதை நம்பாதீர்கள். பாதுகாப்பான அளவு என்று ஒன்றுமே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

மெக்லாரன் வேல் கிரனாஷ் அடுத்தது. நிறம் வெளிறல், ருசி இலந்தை வடை. மகளுக்கு ரொம்பப் பிடித்தது, எனக்கு சுமார்.

கடைசியாக, அவர்கள் கிளம்புவதற்கு முன்தினம், கூனவாரா கேபர்நே. இதற்குத்தான் என் ஓட்டு. கூனவாரா என்பது சுமார் 15 கிலோமீட்டர் நீளத்தில் ஒரு ஒல்லியான நிலத்துண்டு. மேலே செம்மண், கீழே சுண்ணாம்புப் பாறை. படம் காட்டினார் மாப்பிள்ளை. அசல் நம்ம ரெட்ஹில்ஸ் பக்கத்து மண்! முகர்ந்ததும் எனக்கு வந்த முதல் வாசனை நீலகிரித் தைலம். சொல்லவே கூச்சமாக இருந்தது, ஜலதோஷ ஞாபகம். ஆனால் மாப்பிள்ளை துள்ளிக் குதித்தார். சரியாகச் சொன்னீர்கள் மாமா, தோட்டத்தைச் சுற்றி யூகலிப்டஸ் மரங்கள் இருந்தால் அந்த எண்ணெய் பழத்தோலில் படியும், உதிர்ந்த இலை திராட்சையோடு சேர்ந்தும் வரும் என்றார். ஊட்டியில் நிற்கும் யூகலிப்டஸே 1840-களில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்ததுதானே. நாம் தைலம் என்றுதான் சொல்வோம், அவர்கள் புதினா என்கிறார்களாம்.

விலை கேட்டால் அங்கே 25 டாலர், நம் பணத்தில் ஆயிரத்து நானூறு சொச்சம். இங்கே டாஸ்மாக்கின் எலைட் கடைகளில் வெளிநாட்டு ஒயின் கிடைக்கிறது, விலைதான் வேறு. இறக்குமதி வரி 150 சதவிகிதமாக இருந்தது. 2022 டிசம்பர் 29-ல் அமலான இந்திய - ஆஸ்திரேலிய ஒப்பந்தப்படி, ஐந்து அமெரிக்க டாலருக்கு மேல் விலையுள்ள பாட்டிலுக்கு முதலில் 100 ஆகவும், பதினைந்துக்கு மேல் என்றால் 75 ஆகவும் குறைந்தது. பத்து வருஷத்தில் இவை 50, 25 என்று இறங்கும். அதற்கு மேல் மாநில வரி தனி.

கேபர்நே கால்வாசி மிஞ்சியது. மூடியைத் திருகி ஃப்ரிட்ஜில் வைத்தேன், மூன்று நாள் தாங்கும். மகளையும் மாப்பிள்ளையையும் பேத்தியையும் விமான நிலையத்தில் விட்டுவிட்டு விடியற்காலையில் வந்தேன். தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தால் லேபிளில் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு கோடு. சரியாக ஒயின் நிற்கிற மட்டத்தில்.

நான் கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. அன்று ராத்திரி கூடத்தில் உட்கார்ந்து, அம்மா சீரியல் பார்க்க, ஒரு சின்ன டம்ளர் குடித்தேன். காலையில் கொஞ்சம் கீழே இன்னொரு கோடு. மூன்றாம் நாள் ருசி இறங்கி, லேசாகப் புளிப்பு எட்டிப் பார்த்தது. மீதியை ஊற்றிவிட்டு, பாட்டில் அழகாக இருக்கிறதே, நல்லெண்ணெய் வைக்கலாமா என்று மனைவி கேட்டாள்.

"வேணாம், காயலான் கடைக்குப் போட்டுடு" என்றார் அம்மா.