மாவிலையின் முதல் வேலை துருவோடு இருக்கட்டும்

வடசென்னையின் எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் இரும்புக்கு ஆயுள் குறைவு. கடற்காற்று சுமந்து வரும் உப்பு ஒரு பக்கம்; மணலி ஆலைகளும் எண்ணூர் வட்டாரத்து அனல்மின் நிலையங்களும் எண்ணெயையும் நிலக்கரியையும் எரித்து வெளியேற்றும் கந்தக டை ஆக்சைடு இன்னொரு பக்கம்; ஆண்டின் பெரும்பகுதி விலகாத ஈரப்பதம் வேறு. இரும்பின் மேல் இயல்பாகப் படிந்திருக்கும் மெல்லிய படலத்தை உப்பிலுள்ள குளோரைடு உடைக்கிறது. ஈரத்தில் கரைந்து அமிலமாகும் கந்தகம் அந்த உடைப்பைப் பெரிதாக்குகிறது. எஃகுப் படகின் அடிப்பகுதி, ராயபுரத்து வீட்டு ஜன்னல் கம்பி, காமராசர் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் கன்வேயரின் சட்டங்கள், கான்கிரீட்டுக்குள் புதைந்த கம்பி என எதுவும் இதற்குத் தப்புவதில்லை. அரிப்புப் பொறியாளர்களின் பன்னாட்டு அமைப்பான ‘நேஸ்’ 2016-ல் வெளியிட்ட ஆய்வு, துருவால் உலகத்துக்கு ஏற்படும் செலவை ஆண்டுக்கு 2.5 லட்சம் கோடி டாலர் என்று மதிப்பிட்டது. அது உலக உற்பத்தி மதிப்பில் 3.4 சதவீதம். இந்தியாவுக்கு அதே ஆய்வு சொன்ன விகிதம் 4.2 சதவீதம். துறைமுகமும் மின்நிலையமும் இந்தச் செலவைக் கணக்கில் எழுதிக் கட்டணத்தில் ஈடுகட்டிவிடும். படகுக்காரரும் குடிசைமாற்று வாரியக் குடியிருப்பில் வாழ்பவரும் கைக்காசைத்தான் எடுத்து வைக்க வேண்டும்.

துருவைத் தடுக்க நாம் பூசுவது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். கொல்லுப் பட்டறை முதல் படகுத் துறை வரை எல்லாரும் ‘ரெட் ஆக்சைடு’ என்று சொல்லி வாங்கும் பிரைமருக்கு இந்தியத் தர நிர்ணயம் வகுத்த வரையறைகளில் ஒன்று ஐஎஸ் 2074. சிவப்பு இரும்பு ஆக்சைடோடு துத்தநாகக் குரோமேட் சேர்ந்த பூச்சு அது. குரோமேட் துருவை மிக நன்றாகத் தடுக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதிலிருப்பது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம். மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1990-லேயே அதை வகைப்படுத்திவிட்டது. ஐரோப்பாவில் தனி அனுமதி இல்லாமல் குரோமேட்டைப் பயன்படுத்த முடியாது. குரோமியம் என்ன செய்யும் என்பதைத் தமிழ்நாடு வேறெங்கும் போய்க் கற்க வேண்டியதில்லை: ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற லட்சக்கணக்கான டன் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்தது. 2006-ல் உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் அந்த ஊர் இடம்பெற்றது. ஈயத்தின் கதையும் அரைகுறையாகவே நிற்கிறது. பெயிண்டில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் 2016-ம் ஆண்டு விதிகள் வீட்டுப் பூச்சுகளுக்கும் அலங்காரப் பூச்சுகளுக்கும் மட்டுமே பொருந்தும். தொழிற்சாலைப் பூச்சுகள் அந்த வேலிக்கு வெளியே நிற்கின்றன. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்தான் படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்க்கும் காலம். பழைய பூச்சைச் சுரண்டும்போது பறக்கும் தூள் அதைச் சுரண்டுகிறவரின் நுரையீரலுக்கும், பிறகு துறைமுகத்தின் சேற்றுக்கும் போகிறது.

இந்த இடத்தில்தான் மாவிலைக்கு வேலை இருக்கிறது. திருவனந்தபுரத்தில் உள்ள மத்திய அரசின் தேசியப் பல்துறை அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வாளர்கள் உலர்ந்த மாவிலையிலிருந்து எத்தனால் கொண்டு சாறு இறக்கி, அதைச் சிலிக்காத் துகளில் ஏற்றி, எப்பாக்சிப் பூச்சில் கலந்து, எஃகின் மேல் தடவி உப்பு நீரில் சோதித்தார்கள். துரு நன்றாகக் கட்டுப்பட்டது. 2019-ல் இது செய்தியாகவும் வந்தது. அதன் வேதியியல் புரியாத வித்தை அல்ல. மாவிலையில் மேங்கிஃபெரின், காலிக் அமிலம், குவெர்செட்டின் போன்ற பாலிபீனால்கள் நிறைய உள்ளன. இவை இரும்பு அயனியைப் பிடித்துக்கொண்டு, நீரில் கரையாத சேர்மமாக மாறி, உலோகத்தின் மேலேயே படிந்துவிடுகின்றன. கடுக்காய்ச் சாற்றோடு அன்னபேதி சேர்த்து மை காய்ச்சிய காலத்தில் நம்மவர்கள் கண்ட அழியாத கறுப்பும் இதே பிணைப்பால் வந்ததுதான். நைலான் வருவதற்கு முன் பருத்தி வலைகள் மட்கிப்போகாமல் இருக்க மரப்பட்டைச் சாயத்தில் அவற்றை ஊறவைத்த மீனவர்களும் இந்தக் குடும்பத்துச் சேர்மங்களைத்தான் நம்பினார்கள். தாவரச் சாறு தொழிலுக்கு உதவுமா என்ற கேள்வி இந்தக் கடற்கரைக்குப் புதிதும் அல்ல, விடை தெரியாததும் அல்ல.

பழமரத்து இலை என்றாலே பேச்சு மருந்துக்குப் போய்விடுவது நம் வழக்கம். டெங்கு பரவும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் பப்பாளி இலைக்கு ஏற்படும் கிராக்கி நாம் அறிந்தது. ஜப்பானில் கொய்யா இலைத் தேநீருக்கு, ரத்தச் சர்க்கரை ஏறுவதை மட்டுப்படுத்தும் உணவு என்ற அரசு அங்கீகாரம் 2000-ம் ஆண்டிலேயே கிடைத்தது. கியூபாவில் மாமரப் பட்டைச் சாறு மருந்துப் பொருளாக விற்கப்படுகிறது. இவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால், மேங்கிஃபெரினை வாய்வழி உட்கொண்டால் மிகச் சிறு பங்குதான் ரத்தத்தில் சேர்கிறது. அதை மருந்தாக்க, அளவு, நஞ்சுத்தன்மை, மனிதர்கள் மீதான சோதனை என்று பல ஆண்டுகளும் பெரும் பணமும் வேண்டும். அதற்குள் அரைகுறை நம்பிக்கையை மாத்திரையாக்கி விற்பவர்கள் முந்திக்கொள்வார்கள். இரும்பு அப்படியல்ல. ஒரு பூச்சு தோற்றால் தகடு துருப்பிடிக்கும். அதைச் சுரண்டிவிட்டு அடுத்ததைச் சோதிக்கலாம். யாருடைய உடலும் பணயம் வைக்கப்படுவதில்லை. கழித்துப்போடும் இலையிலிருந்து பயன்தரும் சேர்மம் எடுப்பதென்றால், குறைந்த ஆபத்தோடு விரைவில் விடை கிடைக்கும் வேலையில் அது முதலில் இறங்க வேண்டும். அந்த வேலைக்குத் தமிழ்நாட்டில் வடசென்னையைவிடப் பொருத்தமான களம் எனக்குத் தெரியவில்லை.

ஆய்வகத்தில் வென்றது கடலில் வெல்லுமா என்பது முதல் ஆட்சேபம். நியாயமான ஆட்சேபம். தாவரச் சாறு கொண்டு துருவைத் தடுக்கும் ஆய்வுக் கட்டுரைகள் ஏராளமாக வந்திருக்கின்றன; அவற்றில் பெரும்பாலானவை ஒரு குவளை அமிலத்திலோ உப்புக் கரைசலிலோ தகட்டைச் சில மணி நேரமோ சில நாட்களோ வைத்துப் பார்த்தவை. வெயிலும் மழையும் கந்தகப் புகையும் சாம்பல் தூசியும் மாறிமாறித் தாக்கும் எண்ணூரில் அதே சாறு எத்தனை மாதம் தாங்கும் என்பதை எண்ணூரில் வைத்துத்தான் அறிய முடியும். இலைக்கு இலை சேர்மத்தின் அளவு மாறுமே என்பது அடுத்த கேள்வி. மாறும்தான், தளிரில் மேங்கிஃபெரின் மிகுதி, முற்றி உதிர்ந்த இலையில் குறைவு. ஆனால், இந்தச் சிக்கலைத் தோல் தொழில் வெகு காலத்துக்கு முன்பே தீர்த்துவிட்டது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய புகழ்பெற்ற சரக்கு. பிறகு நீலகிரி, கொடைக்கானல் மலைகளின் சீகைப் பட்டைச் சாறு வந்தது. பட்டை எங்கு விளைந்தாலும், சாற்றில் துவர்ப்புப் பொருள் எத்தனை சதவீதம் என்று அளந்து, அந்த அளவுக்கு விலை பேசினார்கள். மாவிலைச் சாற்றுக்கும் அதே ஏற்பாடு போதும்.

இலைக்கு எங்கே போவது என்பதில்தான் பலர் தவறான வழியில் யோசிப்பார்கள் என்று அஞ்சுகிறேன். தோரணத்துக்குக் கட்டிக் கழித்த மாவிலைக் கொத்தும், வெட்டிய கிளைகளின் தழையும் மற்ற குப்பையோடு கலந்து கொடுங்கையூர் மேட்டுக்குப் போகின்றன என்பது வேதனைதான். ஆனால் அங்கே கலந்தபின் அவற்றைப் பிரித்தெடுத்துச் சாறு இறக்குவது நடக்காத காரியம். தெருவோரத்து இலையில் உப்பும் சாம்பலும் படிந்திருக்கும். துருவைத் தடுக்க வேண்டிய பூச்சுக்குள்ளேயே குளோரைடு புகுந்தால் நோக்கமே கெடும். நகரத்துச் சருகுக்கு உரக்குழியே சரியான இடம். தொழிலுக்கான இலை தோப்பிலிருந்து வரட்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அறுவடை முடிந்ததும் மாமரங்களுக்குக் கவாத்து செய்யச் சொல்லித் தோட்டக்கலைத் துறை பரிந்துரைக்கிறது. அப்போது வெட்டி விழும் பச்சைத் தழை ஒரே இனத்தது, ஒரே பருவத்தது, புகை படியாதது. அங்குள்ள மாங்கூழ் ஆலைகள் பருவம் முடிந்ததும் மாதக்கணக்கில் சும்மா கிடக்கின்றன. அவற்றில் கொதிகலனும் சாற்றைச் சுண்டவைக்கும் கருவிகளும் உள்ளன. எத்தனால் கையாளத் தனிப் பாதுகாப்பும் உரிமமும் வேண்டும், அதைச் சேர்த்தாலும் புதிய ஆலை கட்டும் செலவு ஆகாது. இலையை எடுத்துவிட்டால் மண்ணுக்கு என்ன மிஞ்சும் என்று கேட்கும் விவசாயிக்கும் பதில் உண்டு. சாறு இறக்கிய சக்கையைத் தோப்புக்கே திருப்பித் தர வேண்டும் என்பது கொள்முதல் ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். கவாத்துக் கழிவைத் தவிர, மரத்தில் நிற்கும் இலையைப் பறித்து விற்பதற்கு ஒப்பந்தத்தில் இடமே இருக்கக் கூடாது. விலை வந்துவிட்டால் மரத்தை மொட்டையடிக்கும் ஆசையும் கூடவே வரும்.

எல்லாவற்றையும்விடக் கனமான ஆட்சேபம் வடசென்னை மக்களுடையது. உரம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு, அனல்மின் சாம்பல், நகரத்தின் குப்பை என எல்லாவற்றையும் சுமந்த பகுதி இது. 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் கொட்டிய எண்ணெயை வாளி வாளியாக அள்ளினார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மீண்டும் எண்ணெய் கொசஸ்தலை ஆற்றில் படர்ந்தது. அதே மாதம் அம்மோனியா வாயு கசிந்து நள்ளிரவில் குடும்பங்கள் வீட்டைவிட்டு ஓடின. ‘பசுமை’ என்ற பெயரில் இன்னொரு ரசாயன ஆலை வருமென்றால் அவர்கள் எதிர்ப்பது முற்றிலும் சரி. அதனால்தான் சாறு இறக்குவதைக் கிருஷ்ணகிரியில் வைக்கச் சொல்கிறேன். இங்கே வேண்டியது ஆலை இல்லை. சோதனைத் தகடுகளை வெயிலில் நிறுத்தும் சட்டங்களும், அவற்றை அளக்கத் தெரிந்த ஆட்களும்தான். பூச்சு தேறினால், நச்சுத் தூளிலிருந்து முதலில் விடுதலை பெறுகிறவர் படகு சுரண்டும் தொழிலாளியாக இருப்பார். எப்பாக்சியும் பெட்ரோலியப் பொருள்தானே என்று கேட்கலாம். ஆம், இலைச் சாறு அதை அகற்றாது, குரோமேட்டின் இடத்தைத்தான் பிடிக்கும். எனக்கு அதுவே போதுமான ஆதாயமாகப் படுகிறது.

தேவையான நிறுவனமும் நம்மிடம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் தந்த நிலத்தில் 1953-ல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் துரு ஆய்வில் நாட்டின் முதன்மையான இடம். மண்டபத்தில் அதற்குக் கடலோரச் சோதனை நிலையம் இருக்கிறது. சென்னைத் தரமணியிலும் ஒரு பிரிவு இருக்கிறது. ஆனால் மண்டபத்துக் காற்றில் உப்பு உண்டு, மணலியின் கந்தகம் கிடையாது. காசிமேட்டிலும், திருவொற்றியூர்க் குப்பத்துச் சூரை மீன் துறைமுகத்திலும், எண்ணூர் முகத்துவாரத்திலும் மூன்று சோதனைச் சட்டங்களை நிறுத்த வேண்டும். ஒரு வரிசையில் வெறும் எஃகு, ஒரு வரிசையில் வழக்கமான ரெட் ஆக்சைடு, ஒரு வரிசையில் மாவிலைச் சாறு கலந்த பூச்சு. சென்னைத் துறைமுகமும் காமராசர் துறைமுகமும் தங்கள் பராமரிப்புச் செலவிலிருந்து ஒரு சிறு பங்கை இதற்கு ஒதுக்கலாம். மீன்வளத் துறை ஒரு தடைக்காலத்தில் விருப்பமுள்ள சில படகுகளுக்கு இந்தப் பூச்சை இலவசமாகப் பூசிக்கொடுத்து, அடுத்த தடைக்காலத்தில் அவை கரையேறும்போது அளக்கலாம். இரண்டு பருவமழையைத் தாண்டிய பிறகு தேறினால், அரசுத் துறைகளின் டெண்டர்களில் குரோமேட் இல்லாத பிரைமர் என்ற நிபந்தனையைச் சேர்க்க வேண்டும். அப்படி ஒரு வரி வந்தால் பெயிண்ட் நிறுவனங்கள் தாமாகவே தேடி வரும். தேறாவிட்டால், எந்தத் தகடு எத்தனையாவது மாதத்தில் எந்த இடத்தில் துருப்பிடித்தது என்ற முழுக் கணக்கையும் தமிழில் அச்சிட்டு, படகு உரிமையாளர் சங்கங்களுக்கும் கிருஷ்ணகிரி விவசாயிகளுக்கும் அனுப்ப வேண்டும்.