அந்தரங்க மேற்பரப்புத் துளை: வேல்ஸின் உரிமச் சட்டம் எதுவரை காக்கும்?

ஐக்கிய இராச்சியத்தின் ஓர் அங்கமான வேல்ஸில், உடலில் துளையிடுவதைத் தொழிலாகக் கொண்டோர் 2024 நவம்பர் 29 முதல் உள்ளாட்சி அமைப்பிடம் உரிமம் பெற்றிருத்தல் கட்டாயம். பச்சைகுத்துதல், அக்குபங்சர், மின்சாரத்தால் முடி நீக்குதல் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். சட்டம் விலக்களித்த மருத்துவத் துறையினர் சிலருக்கு மட்டும் இதிலிருந்து விடுவிப்பு உண்டு. துளையிடுபவருக்கு ஓர் உரிமம், அவர் பணிபுரியும் இடத்துக்கோ வாகனத்துக்கோ தனியாக ஓர் ஒப்புதல் சான்று என இரண்டும் இருக்க வேண்டும். பொதுச் சுகாதார (வேல்ஸ்) சட்டம் 2017இலேயே இயற்றப்பட்டுவிட்டது. அதன் இப்பகுதி நடைமுறைக்கு வர ஏழு ஆண்டுகள் ஆயின.

இச்சட்டத்தின் தேவையை உணர்த்திய நிகழ்வு ஒன்று உண்டு. 2015இல் நியூபோர்ட் நகரில், பச்சைகுத்தும், துளையிடும் கடை ஒன்றுடன் தொடர்புடைய சூடோமோனாஸ் பாக்டீரியாத் தொற்று கண்டறியப்பட்டது. சிலர் அறுவைச் சிகிச்சை பெறும் நிலைக்குச் சென்றனர். அக்கடையின் வாடிக்கையாளர்களான நூற்றுக்கணக்கானோர் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. பரிசோதனைக்கு அழைக்கப்பட்டனர்.

வயது வரம்பு இதற்கு முன்னரே நடைமுறைக்கு வந்துவிட்டது. 2018 பிப்ரவரி 1 முதல், 18 வயது நிறைவடையாத எவருக்கும் அந்தரங்கப் பகுதிகளில் துளையிடுவது வேல்ஸில் குற்றம். பெற்றோரின் சம்மதம் இருந்தாலும் விலக்கு இல்லை. பிறப்புறுப்பு, மார்பு, பிட்டம் உள்ளிட்ட பத்துப் பகுதிகளைச் சட்டம் பெயரிட்டுச் சொல்கிறது. நாக்கும் அவற்றுள் ஒன்று. எல்லைக்கு அப்பால் நிலைமை வேறு. இங்கிலாந்தின் பெரும்பாலான பகுதிகளில், 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உள்ளாட்சியில் பதிவு செய்துகொள்வதே முதன்மையான கட்டுப்பாடாக உள்ளது. எனவே கார்டிஃபில் படிக்கும் நீங்கள் விடுமுறைக்கு லண்டன் சென்று துளையிட்டுக்கொண்டால், வேல்ஸின் உரிமம் தரும் பாதுகாப்பு உங்களுடன் வராது.

ஆனால் எந்த நாட்டின் உரிமமும் பாதுகாப்பது, நீங்கள் கடைக்குள் இருக்கும் ஒரு மணி நேரத்தைத்தான். புண் ஆறும் மாதங்கள் உங்கள் வீட்டில் கழிகின்றன. அதிலும் அந்தரங்க மேற்பரப்புத் துளை மற்றத் துளைகளைவிடக் கடினமானது. அதற்கான காரணத்தை அறிந்த பின்னர் முடிவெடுப்பது நல்லது.

மேற்பரப்புத் துளை ஏன் வேறானது

காதுமடலில் ஊசி ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளிவருகிறது. மேற்பரப்புத் துளையில் நுழைவதும் வெளிவருவதும் தோலின் ஒரே பக்கத்தில். அடிவயிற்றுக்குக் கீழே, முடி வளரும் மேட்டுப் பகுதியில் இடப்படும் துளை இவ்வகையைச் சேர்ந்தது. இங்கு கம்பி தோலுக்கு அடியில் படுத்தவாறு இருப்பதால், காலில் தைத்த முள்ளைப் போலவே உடல் அதைக் கருதுகிறது. சிறிது சிறிதாக வெளியே தள்ள முயல்கிறது. இடுப்புப் பட்டையின் உராய்வு, அமரும்போது மடியும் தோல், வியர்வை, மழித்தபின் மீண்டும் முளைக்கும் முடி ஆகிய அனைத்தும் அம்முயற்சிக்குத் துணைபோகின்றன. இரு முனைகளும் செங்குத்தாக மடிந்து, ஸ்டேப்ளர் ஊசி போன்ற வடிவில் அமைந்த கம்பி இந்த அழுத்தத்தைக் குறைக்கும். தொப்புளுக்கென வளைக்கப்பட்ட கம்பியை இங்கு இடுவதும், போதிய ஆழமின்றித் துளைப்பதும் பெரும்பாலும் கம்பி வெளித்தள்ளப்படுவதில் முடிகின்றன. எல்லோருடைய உடலமைப்பும் இத்துளைக்கு ஏற்றதன்று. உங்கள் உடலைப் பார்த்துவிட்டு 'உங்களுக்கு இது பொருந்தாது' என்று ஒருவர் மறுத்தால், அவரை நம்பலாம்.

உரிமம் பார்வையில் படும்படி வைக்கப்பட்டுள்ளதா, கருவிகள் ஆட்டோகிளேவில் நுண்ணுயிர் நீக்கம் செய்யப்பட்டவையா, ஊசி உங்கள் கண்முன் உறை பிரிக்கப்பட்டதா என்று பாருங்கள். காதுகுத்தும் துப்பாக்கியை எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். உலோகத்தில் உடலுக்குள் பதிக்கத் தகுந்த தர டைட்டானியம் பாதுகாப்பானது. நிக்கல் ஒவ்வாமை பரவலானது என்பதால், துளையில் இடும் கம்பியிலிருந்து ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வாரம் 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக் கூடாது என்பது ஐரோப்பிய வரம்பு. கட்டுக்குள் இல்லாத நீரிழிவு, இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, நோயெதிர்ப்புக் குறைவு, கர்ப்பம் ஆகியவை இருந்தால் இதைத் தவிருங்கள். காது குத்திய இடத்திலோ தடுப்பூசி போட்ட இடத்திலோ உங்களுக்குத் தழும்பு தடித்து வளர்ந்திருந்தால், அது கெலாய்டாக இருக்கலாம். கருநிறத் தோலில் இது கூடுதலாகக் காணப்படுகிறது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள்.

ஆறும் காலம்

முதல் சில நாள்கள் சிறிது இரத்தக் கசிவும் வீக்கமும் கன்றலும் இருக்கும். வெண்மையான நீர் கசிந்து கம்பியைச் சுற்றிப் பொருக்காகக் காய்வது இயல்பு. அது சீழ் அன்று. தோலின் வெளிப்புறம் முதலில் ஆறும். உள்ளே உள்ள பாதை மெதுவாகவே ஆறும். இதனால் மூன்றாம் மாதத்திலேயே 'முழுதும் ஆறிவிட்டது' என்று தோன்றும். உண்மையில் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம்.

நம் வீடுகளில் காது குத்திய பிறகு மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் தடவி, தோட்டைத் தினமும் சுழற்றிவிடுவது வழக்கம். அன்புடன் கற்பிக்கப்பட்ட அப்பழக்கத்தை இங்கே கைவிடுங்கள். எண்ணெய் துளையை அடைத்து அழுக்கைத் தேக்கும். சுழற்றுவது உள்ளே உருவாகும் புதிய தோலைக் கிழிக்கும். டெட்டால், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகியவையும் வேண்டாம். கைகளைச் சோப்பிட்டுக் கழுவியபின், நுண்ணுயிர் நீக்கப்பட்ட 0.9 சதவீத உப்புநீரைத் தெளித்து, ஒருமுறை பயன்படுத்தி எறியும் தாளால் ஒற்றி எடுங்கள். அவ்வளவே போதும். தளர்வான பருத்தி உடை அணியுங்கள். நீச்சல்குளம், கடல், குளத்துநீர் ஆகியவற்றைத் தவிருங்கள். துளையை ஒட்டி மழிக்காதீர்கள். ஆறாத துளை என்பது திறந்த புண். அதில் பிறருடைய உமிழ்நீரோ உடல்நீரோ படுவது பால்வழித் தொற்றுக்கு நேரடி வழி. ஆகவே ஆறும்வரை உடலுறவைத் தவிர்ப்பது பாதுகாப்பானது. இல்லையெனில் ஒவ்வொரு முறையும் ஆணுறை போன்ற தடுப்பைப் பயன்படுத்துங்கள். கம்பியின் முனை அத்தடுப்பைக் கிழிக்கவும் கூடும் என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

எப்போது கழற்றுவது, எப்போது கழற்றக் கூடாது

பலரும் தவறுவது இவ்விடத்தில்தான். இரண்டு வகைச் சிக்கல்கள் உண்டு. அவற்றுக்கான விடைகள் ஒன்றுக்கொன்று எதிரானவை.

சிவப்பு நாளுக்கு நாள் பரவுதல், சூடு, விண்விணென்ற வலி, கெட்டியான மஞ்சள் அல்லது பச்சைச் சீழ், துர்நாற்றம், காய்ச்சல் ஆகியவை தொற்றின் அறிகுறிகள். இந்நிலையில் அச்சத்தால் கம்பியை நீங்களாகவே கழற்றாதீர்கள். துளையின் வாய்கள் மூடிக்கொண்டால் சீழ் உள்ளே தேங்கிக் கட்டியாக மாறலாம். கம்பியுடனேயே மருத்துவரிடம் செல்லுங்கள். எடுப்பதா விடுவதா என்பதை அவர் முடிவு செய்யட்டும். காய்ச்சலோடு குளிரும் நடுக்கமும் சேர்ந்தால் அன்றே செல்ல வேண்டும்.

மற்றொன்று வெளித்தள்ளல். இதில் வலி குறைவு. ஆகவே கவனத்தில் படுவதில்லை. இரு துளைகளுக்கும் இடையிலுள்ள தோல் மெலிந்து பளபளக்கும். கம்பி முன்பைவிடக் கூடுதலாக வெளியே தெரியும். தோலினூடே உலோகத்தின் நிழல் தெரிந்தால், அத்துளை இனி நிலைக்காது. காத்திருப்பதில் பயனில்லை. துளையிட்டவரிடமோ மருத்துவரிடமோ சென்று உடனே எடுத்துவிட்டால் இரு புள்ளிகளோடு போகும். தானே அறுத்துக்கொண்டு வெளிவர விட்டால் நீண்ட கோடாகத் தழும்பு நிற்கும். செலவழித்த பணத்தையும் பட்ட வலியையும் எண்ணிப் பலர் தயங்குவது புரிந்துகொள்ளத் தக்கதே. ஆயினும் அத்தயக்கத்தின் விலை அத்தழும்புதான்.

கூச்சமும் பதிவேடும்

மருத்துவரிடம் காட்டக் கூசுவதால்தான் சிறு தொற்று பெரிதாகிறது. 'துளையிட்ட இடத்தில் புண்' என்று மட்டும் சொன்னால் போதும். பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாம். ஐக்கிய இராச்சியத்தில் பாலியல் நல மருத்துவமனைகள் கட்டணமின்றியும் இரகசியம் காத்தும் சேவையளிக்கின்றன. அவசரமற்ற ஆலோசனைக்கு 111 என்ற எண்ணை அழைக்கலாம்.

பெண்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. உலக சுகாதார அமைப்பின் வகைப்பாட்டில், மருத்துவக் காரணமின்றிப் பெண் பிறப்புறுப்பைத் துளையிடுவது பெண்ணுறுப்புச் சிதைப்பின் நான்காம் வகையில் இடம்பெறுகிறது. அதனால் இங்கிலாந்தின் மருத்துவப் புள்ளிவிவரத் தொகுப்பில் இத்துளையும் பதிவாகலாம். விரும்பிச் செய்துகொண்ட வயதுவந்த பெண்ணையும், கட்டாயத்துக்கு ஆளான சிறுமியையும் ஒரே தலைப்பின்கீழ் எண்ணுவது பொருத்தமா என்ற கேள்வி நியாயமானதே. எனினும் காவல்துறைக்குக் கட்டாயமாகத் தெரிவிக்கும் கடமை 18 வயதுக்குட்பட்டோர் குறித்தது மட்டுமே. வயதுவந்த நீங்கள், பதிவுக்கு அஞ்சிச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

வேல்ஸில் துளையிட்டுக்கொள்வோருக்கு முன்பும் பின்பும் பராமரிப்பு விவரங்களைத் தருவது உரிமம் பெற்றவரின் கடமை. அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இடப்பட்ட கம்பியின் உலோகமும் நீளமும் அதில் குறிக்கப்பட்டிருந்தால், பின்னர் உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவருக்கு அது உதவும்.