குடிப்பது கூட்டாளிகளோடு, விடுவது மட்டும் தனியாகவா?

“மனசுல வைராக்கியம் இருந்தா விட்டுப்போடலாமுங்க. இதுக்கெதுக்கு மீட்டிங்?” குடியை விட நினைப்பவர்களின் கூட்டம் பற்றி அன்னூர்ப் பக்கம் பேச்செடுத்தால் முதலில் வரும் பதில் இதுதான். பின்னாலேயே இன்னும் மூன்று வரும்: சின்ன ஊரில் போனால் மானம் போகும், அது மதம் மாற்றுகிற இடம், கடைசியில் காசு பிடுங்குவார்கள். சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஆனால் நான்கும் தவறு, முதலாவது ஆபத்தும்கூட.

வைராக்கியத்துக்கு நம் பக்கம் பஞ்சமே இல்லை. ஐயப்பனுக்கு மாலை போட்டு ஒரு மண்டலம் சொட்டுக்கூடத் தொடாமல் இருந்தவர், மாலையைக் கழற்றிய சூட்டோடு டாஸ்மாக் வரிசையில் நிற்பதைப் பார்க்காத ஊர் எது? அத்தனை நாள் இருந்த வைராக்கியம் ஒரே நாளில் எங்கே போனது? விரத நாட்களில் அவரைத் தாங்கியது வைராக்கியம் மட்டுமல்ல. குருசாமி இருந்தார், கூட நாலு சாமிகள் இருந்தார்கள், பொழுது சாய்ந்தால் பூஜையும் பஜனையும் இருந்தன. கடைக்குக் கால் இழுக்கும் அந்த நேரத்தில் அவருக்குப் போக வேறு இடம் இருந்தது. மாலை கழன்றதும் அது அத்தனையும் கழன்றுவிட்டது. மீட்புக் கூட்டம் செய்வது அந்த ஏற்பாட்டை வருடம் முழுக்க நீட்டுவதைத்தான்.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற ஏ.ஏ. அமைப்பு பிறந்த கதையும் இப்படித்தான். 1935 மே மாதம், வியாபாரம் கைகூடாமல் அமெரிக்காவின் ஆக்ரன் நகர ஓட்டலில் நின்றிருந்த பில் வில்சனுக்கு மதுக்கூடம் கண்ணில் பட்டது. குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்த அவர், தொலைபேசியை எடுத்து, தன்னைப் போலக் குடியோடு மல்லுக்கட்டும் இன்னொருவரைத் தேடினார். கிடைத்தவர் பாப் ஸ்மித், அறுவை மருத்துவர். குடி உடலை என்ன செய்யும் என்று ஒரு மருத்துவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை; ஆனாலும் அவரால் தனியாக நிறுத்த முடியவில்லை. ஜூன் 10 அவர் கடைசியாகக் குடித்த நாள். அதையே ஏ.ஏ. தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது.

“பேசினா குடி விட்ருமா?” என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2020இல் காக்ரேன் ஆய்வுக் குழு, 10,000 பேருக்கு மேல் பங்கேற்ற 27 ஆய்வுகளை அலசியது. ஏ.ஏ.யில் சேர்த்துவிடும் சிகிச்சை பெற்றவர்களில் ஓராண்டு முடிவில் முழுதாகக் குடிக்காமல் இருந்தவர்கள் 42 சதவீதம். மற்றச் சிகிச்சைகளில் 35. அற்புதம் ஒன்றுமில்லை, பாதிப் பேருக்கு மேல் மறுபடி குடித்திருக்கிறார்கள்தான். செலவில்லாத ஒரு கூட்டத்துக்கு இது நல்ல மதிப்பெண் என்பேன்.

வைராக்கியப் பேச்சில் ஆபத்து எங்கே? தினமும் மிகுதியாகக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் இரண்டு மூன்று நாட்களுக்குள் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிரே போகலாம். அவர் முதலில் போக வேண்டியது மருத்துவரிடம், கூட்டம் அதற்குப் பிறகு. ஆளுக்குத் தெரியாமல் குழம்பில் மாத்திரை கலப்பதும் வேண்டாம். குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்பிராம் மாத்திரை உள்ளே இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து ஆளே சாயலாம்.

மானம் பற்றிய பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். பெண் பார்க்க வருகிற வீட்டார் முதலில் விசாரிப்பது குடியைத்தான். ஆனால் ஒருவர் குடிப்பது ஊருக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாதது விட முயல்கிறார் என்பதுதான். ஏ.ஏ.யில் முழுப்பெயர் கேட்பதில்லை, வருகைப் பதிவேடு இல்லை. அங்கே உங்களைப் பார்ப்பவரும் அதே காரணத்துக்காக வந்தவர். அப்படியும் கூச்சமென்றால் சத்தி ரோட்டில் பஸ் ஏறுங்கள், 30 கிலோமீட்டரில் கோவை. அங்கே குழுக்கள் உண்டு. கூச்சத்துக்கு விலை இருக்கிறது. 2019இல் வெளியான எய்ம்ஸ் ஆய்வின்படி, இந்தியாவில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது சிகிச்சை பெற்றிருக்கிறார்.

மதம்? பல ஊர்களில் கூட்டம் சர்ச் வளாகத்தில் நடப்பதால் வந்த சந்தேகம் அது. இடம் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். கடவுள் என்றால் அவரவர் புரிந்துகொண்ட கடவுள் என்றுதான் ஏ.ஏ.யின் வழிமுறையான பன்னிரண்டு படிகளே சொல்கின்றன. காசு? கட்டணம் இல்லை. டீக்கும் வாடகைக்கும் உறுப்பினர்கள் விரும்பியதைப் போடுவார்கள்; வெளியார் நன்கொடையை ஏற்பதில்லை. கட்டணம் வாங்கும் மறுவாழ்வு மையங்களையும் இதையும் போட்டுக் குழப்பியதில் வந்த பேச்சு இது.

குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே சேரும் தகுதி. வீட்டாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம், 1951 முதல் இருக்கிறது. வழி தெரியாதவர்கள் 14446 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம். பக்கத்தில் குழு இல்லாவிட்டாலும் குடியை விட நினைக்கும் இரண்டு மூன்று பேர் சேர்ந்தாலே அது ஒரு ஏ.ஏ. குழு என்பது அவர்கள் விதி. அன்னூரில் பள்ளியோ மண்டபமோ நடத்துகிறவர்களிடம் கேட்பது இது ஒன்றுதான்: வாரம் ஒரு சாயங்காலம், ஒரு மணி நேரம், ஓர் அறையைத் திறந்து கொடுங்கள்.