முகம் திரும்பும் முன் எறியும் பந்து

அமெரிக்கக் கால்பந்து நம் திருவண்ணாமலை மைதானங்களில் காணக் கிடைக்காத ஆட்டம். பந்தைக் கையால் எறிந்து, கையால் பிடித்து முன்னேறுவார்கள். அதில் சிறுவர்களுக்குத் தொடக்கத்திலேயே கற்பிக்கப்படும் ஒரு சிறிய பாஸைப் பற்றி நம் பெற்றோர்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

'ஹிட்ச்' என்பது அதன் பெயர். பிடிப்பவன் ஐந்து கெஜம், அதாவது ஏறத்தாழ நாலரை மீட்டர், வேகமாக ஓடிச் சட்டென நின்று திரும்ப வேண்டும். அதற்குள் எறிபவன் மூன்று எட்டு பின்வாங்கிப் பந்தை எறிய வேண்டும். நண்பன் திரும்பிய பிறகு எறிந்தால் தாமதமாகிவிடும்; எதிரணியினர் இடையில் புகுந்துவிடுவர். அவன் முதுகு காட்டி ஓடும்போதே பந்து புறப்பட்டிருக்க வேண்டும். பிள்ளைகள் தவறுவது இங்கேதான். எறிபவன் முகம் தெரியட்டும் என்று காத்திருப்பான்; ஓடுபவன் பாதி ஓட்டத்திலேயே திரும்பிப் பார்ப்பான். நல்ல பயிற்சியாளர் முதலில் வேகத்தைக் கேட்பதில்லை. பந்தில்லாமல், நடந்தபடியே, காலடிகளை வாய்விட்டு எண்ணச் சொல்வார். எண்ணிக்கை ஒன்றிய பிறகே பந்து. அதன் பிறகே ஓட்டம். ஸஜ்தாவில் இருப்பவர்கள் இமாமைப் பார்க்காமல் தக்பீரைக் கேட்டு எழுவதைப் போன்றது இது. (இமாமை முந்தக் கூடாது என்று பழகிய பிள்ளையிடம் 'முந்தி எறி' என்பது சற்றுச் சிரமம்தான்!)

உடல் வலுவைத் தனியாக வளர்த்துக்கொள்ளலாம். இந்த நேரக்கணக்கு இருவருக்கு நடுவே இருப்பது. ஒருவர் விலகினால் மற்றவரிடமும் அது நிற்பதில்லை.

என் தம்பி மகன் இங்கே கால்பந்து ஆடுகிறான். சென்ற ரமளானில் அவனை மைதானத்துக்கு அனுப்பாமல் நிறுத்திவிட்டோம். அம்முடிவில் எனக்கும் பங்குண்டு. பெருநாளுக்குப் பின் அவன் போனபோது, கூட்டாளி தட்டிய பந்துகளெல்லாம் அவனைத் தாண்டியே சென்றன. "நீ மாறிட்டியா, நான் மாறிட்டேனா?" என்று அந்தப் பையன் கேட்டானாம். அவன் நோன்பு நோற்றவனுமல்லன். இழப்பில் மட்டும் பங்காளியானான்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து டியர்போர்ன் நகரில் ஃபோர்ட்சன் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. மாணவர்களில் பெரும்பான்மையோர் அரபு வம்சாவளியினரான முஸ்லிம்கள். 2010இல் அவர்களுடைய அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சி நடக்கும் ஆகஸ்ட் மாதத்தில் ரமளான் வந்தது. பயிற்சியாளர் ஃபுஆத் ஸபான் நோன்பை விடச் சொல்லவில்லை, நோன்பாளிகளை விலக்கவுமில்லை. பயிற்சியை இரவு 11 மணிக்கு மாற்றினார். பிள்ளைகள் விளக்கொளியில் அதிகாலை வரை ஆடினர். மாறியது கடிகாரம் மட்டுமே.

ரமளான் இரவுகள் இபாதத்துக்கு உரியவை என்று நம் பெரியவர்கள் சொல்வது நியாயமே. விடிய விடிய ஆட வேண்டும் என்று நானும் கேட்கவில்லை. நம்மூர் வெயிலில் நோன்பாளிப் பிள்ளையைப் பகலில் ஓடவிடுவதும் தகாது. ஆனால் தராவீஹுக்குப் பின் அரை மணி நேரம், இரண்டு பிள்ளைகள், ஒரு பந்து போதும். நடந்தபடியே காலடிகளை எண்ணிப் பழகலாம். பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தில் சாலையைக் கடப்பது கடினம். அந்த இரவை விட்டுவிடலாம்.

"பிள்ளையை நிறுத்துகிறோம்" என்று சொல்லும் முன் "நேரத்தை மாற்ற இயலுமா?" என்று பயிற்சியாளரிடம் நாங்கள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இம்முறை ஷஃபான் மாதத்திலேயே போய்க் கேட்பதாக இருக்கிறேன், இன்ஷா அல்லாஹ். அந்தக் கூட்டாளிப் பையனின் தந்தையையும் உடன் அழைத்திருக்கிறேன்.