சணலின் மறுவருகை: பயன் யாருக்கு?

லண்டன் கடைவீதிகளில் சணல் பைகளுடன் செல்வோரைக் காண்பது இன்று வழக்கமாகிவிட்டது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்கு இங்கிலாந்தின் பெரிய கடைகளில் 2015 அக்டோபரில் 5 பென்ஸ் கட்டணம் விதிக்கப்பட்டது. 2021 மே மாதத்தில் அது 10 பென்ஸாக உயர்த்தப்பட்டு, அனைத்துக் கடைகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. ஆனால், இயற்கை நாருக்குக் கிடைத்துள்ள இந்த வரவேற்பின் பயன் சணல் விவசாயியைச் சென்றடைகின்றதா என்பது வேறு விடயம்.

பிரிட்டனுக்குச் சணல் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டில் வங்காளத்திலிருந்து கப்பலேறிய நார், ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் திமிங்கில எண்ணெயால் மென்மையாக்கப்பட்டு, சாக்குகளாக நெய்யப்பட்டது. கிழக்கு லண்டனின் பார்க்கிங் பகுதியிலும் அப்போது ஒரு சணல் ஆலை இயங்கியது. ஆனால், 1855இல் கல்கத்தாவுக்கு அருகே ரிஷ்ராவில் ஆலைத் தொழில் தொடங்கிய பின்னர், மூலப்பொருளும் மலிவான உழைப்பும் ஒருங்கே கிடைத்த ஹூக்ளி நதிக்கரை காலப்போக்கில் டண்டீயை விஞ்சியது.

1947இன் பிரிவினை இந்தத் தொழிலை இரண்டாகப் பிளந்தது. ஆலைகள் இந்தியாவிலும், தரமான சணல் விளையும் வயல்களின் பெரும்பகுதி கிழக்குப் பாகிஸ்தானிலும் அமைந்தன. பின்னர் விலை குறைந்த செயற்கை இழைச் சாக்குகள் சந்தைக்கு வந்தபோது, இரு தரப்பும் பாதிக்கப்பட்டன.

இந்தியா இதற்குச் சட்டத்தின் மூலம் விடை தேடியது. உணவு தானியங்கள் போன்ற பொருட்களைச் சணல் சாக்குகளில் அடைப்பதைக் கட்டாயமாக்க 1987இல் சட்டம் கொண்டுவரப்பட்டது. 2023-24ஆம் ஆண்டுக்கான விதியின்படி தானியங்களில் 100 சதவீதமும், சர்க்கரையில் 20 சதவீதமும் இவ்வாறு அடைக்கப்பட வேண்டும். எனவே, இந்திய ஆலைகளின் பிரதான வாடிக்கையாளர் வெளிநாட்டு நுகர்வோர் அல்ல, அரசே.

வங்கதேசம் பெரிதும் ஏற்றுமதியையே நம்பியுள்ளது. 2002இல் பாலித்தீன் பைகளைத் தடைசெய்த அந்த நாடு, அதே ஆண்டில் நாராயண்கஞ்சில் இருந்த மாபெரும் ஆதம்ஜி சணல் ஆலையை மூடியது. 2020 ஜூலையில் நட்டத்தில் இயங்கிய 25 அரசு ஆலைகளும் மூடப்பட்டன. வங்கதேசச் சணல் பொருட்கள் மீது இந்தியா 2017இல் பொருள் குவிப்புத் தடுப்பு வரி விதித்தது. 2025 ஜூனில், இரு நாடுகளிடையேயான உறவு கசந்திருந்த நிலையில், அங்கிருந்து தரைவழியாகச் சணல் வருவதற்கும் இந்தியா கட்டுப்பாடு விதித்தது.

இவற்றுக்கிடையே விவசாயியின் நிலை பெரிதாக மாறவில்லை. ஏறத்தாழ நான்கு மாதங்களில் வளர்ந்த செடிகளை வெட்டி, இரண்டு மூன்று வாரங்கள் நீரில் ஊறவைத்து, இடுப்பளவு நீரில் நின்று கையாலேயே நாரை உரிக்க வேண்டியுள்ளது. மழை பொய்த்துக் குளங்கள் வற்றினால், நல்ல விளைச்சலும் தரம் குறைந்த நாராகிவிடும். இந்தியாவில் 2025-26 பருவத்துக்கான குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 5,650 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது.

லண்டனில் விற்கப்படும் பை, நெய்து, தைத்து, அச்சிடப்பட்ட பொருள். விவசாயி விற்பது கச்சா நார். இந்த இரண்டுக்கும் இடையில் சேரும் பெறுமதியில் அவருக்குப் பங்கில்லை. அவர் பெறும் விலையை டாக்காவிலும் டில்லியிலும் எடுக்கப்படும் முடிவுகளே பெரிதும் தீர்மானிக்கின்றன. பிளாஸ்டிக்குக்கு எதிரான மேற்குலகின் மனமாற்றம் மட்டும் அந்த நிலையை மாற்றிவிடாது.