இல்லை என்றாவது சொல்லுங்கள்

பழவேற்காட்டு ஏரியின் 'பாடு' முறையை நம் வாசகர் பலர் அறிவர். மீன் படும் இடங்களோ சில. வலை கட்ட விரும்புவோரோ பலர். எனவே கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களின் மீனவர் கூடியிருந்து சீட்டுக் குலுக்கி, முறை வைத்து இடங்களைப் பகிர்ந்துகொள்வது வழக்கம். இதிலும் குறையில்லாமல் இல்லை. உரிமையுள்ள குடும்பங்களுக்கே சீட்டில் இடமுண்டு. ஆயினும் நல்ல இடம் கிடைக்காதவன் அதனை அங்கேயே, எல்லார் முன்னிலையிலும் அறிந்துகொண்டு எழுகிறான். அவனுக்கு வருத்தம் உண்டு, அவமானம் இல்லை.

அவ்வூர்களின் பிள்ளைகள் இன்று படித்துவிட்டு வேறு வேலை தேடுகின்றனர். எண்ணூரில் 2001-ஆம் ஆண்டு துறைமுகம் இயங்கத் தொடங்கியது. பின்னர் காட்டுப்பள்ளியிலும் ஒன்று வந்தது. சுற்றிலும் ஆலைகள் பெருகின. நாம் அறிந்த இளைஞன் ஒருவனை ஒரு நிறுவனத்தார் நேர்முகத் தேர்வுக்கு அழைத்தனர். காலை ஒன்பது மணிக்குச் சென்றவனை மாலை நான்கு மணிக்கு உள்ளே விட்டனர். மூன்று வினாக்கள் கேட்டு, "தகவல் வரும்" என்றனர். ஐந்து வாரங்கள் அவன் தொலைபேசியைக் கையைவிட்டு இறக்கவில்லை. அவன் தாய் நம்மிடம் சொன்னார்: "இல்லேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, மறுநாளே வலைக்குப் போயிருப்பான் சாமி."

பிறரைக் குறை கூறுமுன் நம் பிழையையும் சொல்லியாக வேண்டும். பல்லாண்டுகளுக்கு முன் நாம் தாளாளராயிருந்த பள்ளியில் ஆசிரியைப் பணியிடம் ஒன்று காலியாயிற்று. யாருக்கு அதனை அளிப்பதென்று உள்ளத்தில் முன்னரே முடிவு செய்துவிட்டு, முறைக்காக ஐவரை அழைத்தோம். ஒருவர் கைக்குழந்தையோடு வந்திருந்தார். தாழ்வாரத்தில் ஒரு நாற்காலி போடவும் நமக்குத் தோன்றவில்லை. நால்வருக்கு நாம் பதிலே எழுதவில்லை. அவர்கள் கடன் வாங்கிப் பேருந்தேறி வந்தனரோ, யாரறிவார்!

வேலை கேட்டு வருவோரிடம் பணம் வாங்கும் இடைத்தரகர்களைப் பற்றியும் ஒரு சொல். தனியார் வேலை முகமைகள் தொழிலாளரிடம் கட்டணம் பெறலாகாது என்று உலகத் தொழிலாளர் அமைப்பு 1997-இலேயே உடன்படிக்கை வகுத்துவிட்டது. நம் குப்பங்களிலோ அம்மாவின் தாலி இன்றும் அடகுக்குப் போகிறது.

நம் வாசகரில் கடை வைத்திருப்போர் உண்டு. பள்ளி, மருத்துவமனை நடத்துவோரும் உண்டு. வருகிறவருக்கு வரவேண்டிய நேரத்தைச் சரியாகக் குறித்துக் கொடுங்கள். மூலச் சான்றிதழ்களைப் பார்த்த உடனே திருப்பித் தாருங்கள். முன்னரே முடிவான இடத்துக்கு எவரையும் அழையாதீர்கள். எந்த நாளுக்குள் பதில் வரும் என்று சொல்லி, அந்நாளில் பதில் எழுதுங்கள். அப்பள்ளியில் நாம் இருந்த கடைசி ஆண்டுகளில், தேர்வு முடிந்த அன்று மாலையே அஞ்சலட்டைகளை எழுதி முடித்த பின்னரே இரவு உணவுக்கு அமர்ந்தோம். அந்த நால்வருக்கு மட்டும் இன்றுவரை எழுதவில்லை. முகவரிகள் நம்மிடம் இல்லை.